பயணி ஒருவர், காயம் இல்லை

மே 3, ஞாயிறு

இன்றிலிருந்து எழுதி வைக்கிறேன். நாளைக்கு ஏதாவது ஆகிவிட்டால் "நீங்க ஒரு வார்த்தை சொல்லலையே" என்று யாரும் என்னைக் கேட்கக் கூடாது. சொன்னேன். காலையில் ஒருமுறை, சாப்பிடும்போது ஒருமுறை, வாசலில் நின்று பக்கத்து வீட்டுக்கும் கேட்கிற மாதிரி ஒருமுறை.

என் மகள் சுகந்தியும் மாப்பிள்ளை கௌரிசங்கரும் எட்டு மாதப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கொல்லிமலைக்குப் போய்க் கூடாரம் போட்டுத் தங்கப் போகிறார்கள். நாமக்கல்லில் வீடு இருக்கிறது. வீட்டில் கட்டில், மின்விசிறி, கொசுவலை எல்லாம் இருக்கிறது. எல்லாவற்றையும் பூட்டிவிட்டுத் துணிக்குள் போய்ப் படுப்பதற்கு மாப்பிள்ளை கேம்பிங் என்று பெயர் சொன்னார். நான் பஸ் ஓட்டிய காலத்தில் மண் சரிந்து ரோடு அடைபட்டால் சீட்டிலேயே சுருண்டு படுத்திருக்கிறோம். அதற்கு யாரும் பெயர் வைக்கவில்லை.

"இப்பல்லாம் ஆறு மாசக் கொழந்தையவே கூட்டிட்டுப் போறாங்க மாமா."

"யாரு போறாங்க மாப்ளே?"

"யூடியூப்ல நெறையா இருக்குதுங்க."

"அவுங்க புள்ளைக்குச் சளி புடிச்சா அதே யூடியூப்ல மருந்து ஊத்துவாங்களா?"

சுகந்தி சிரித்தாள். மாப்பிள்ளை சிரிக்கவில்லை.

பிள்ளைக்கு ருத்விகா என்று பெயர். அதைத் தப்பில்லாமல் சொல்ல எனக்கு இரண்டு வாரம் ஆனது. பிடிக்காமல் போக ஒரு நாள்கூட ஆகவில்லை. நான் அம்மிணி என்று கூப்பிடுகிறேன். அவளும் அதற்குத்தான் திரும்பிப் பார்க்கிறாள்.

மே 5, செவ்வாய்

இவ்வளவு திட்டிவிட்டு நானும் ஏன் கூடக் கிளம்புகிறேன் என்பதையும் எழுதிவிட வேண்டும்.

சுகந்திக்கு ஒரு கல்லூரி நூலகத்தில் வேலை. பேறுகால விடுப்பு இந்த மாதத்தோடு முடிகிறது. ஜூன் ஒன்றாம் தேதி திங்கட்கிழமை வேலைக்குப் போக வேண்டும். மாப்பிள்ளை வீட்டிலிருந்தே கம்ப்யூட்டரில் வேலை பார்க்கிறவர். காதில் மாட்டிக்கொண்டு கதவைச் சாத்தினால் வீடு தீப்பிடித்தாலும் அவருக்குத் தெரியாது. பகலில் பிள்ளையை யார் பார்ப்பது? அடுத்த தெருவில் ஒரு காப்பகம் திறந்திருக்கிறார்கள். சுவரெல்லாம் யானை, வாத்து. அங்கே விடலாம் என்கிறார் மாப்பிள்ளை. நான் எதற்கு இருக்கிறேன் என்று கேட்கிறேன் நான்.

அங்கே பன்னிரண்டு பிள்ளைகளுக்கு இரண்டு பேர். இங்கே ஒரு பிள்ளைக்கு ஒரு முழு ஆள். மூன்று வருஷத்துக்கு முன்பு என் வீட்டுக்காரி போன பிறகு இந்த வீட்டுக்கு வந்தேன். பெண்ணைக் கொடுத்த வீட்டில் உட்கார்ந்து சாப்பிடுகிறவன் என்று என்னைச் சொல்ல நாலு பேர் இருக்கிறார்கள். சொல்லட்டும். இந்தப் பிள்ளை பிறந்த நாளிலிருந்து மத்தியானத்தில் என் மார்பில் படுத்தால்தான் தூங்குகிறது. அதை எந்த யானையும் வாத்தும் செய்ய முடியாது.

"மலைக்குப் போயிட்டு வந்து முடிவு பண்ணிக்கலாங்ப்பா," என்றாள் சுகந்தி. "நீங்களும் வாங்க. அங்க ரெண்டு நாளும் அவளை நீங்களே வெச்சுக்கங்க. பாத்துருவோம்."

பாத்துருவோம் என்றால் பரீட்சை. முப்பத்தொரு வருஷம் நாமக்கல்லிலிருந்து செம்மேட்டுக்கு பஸ் ஓட்டியவன் நான். ஒரு நடைக்கு அறுபது உயிர், எழுபது கொண்டை ஊசி வளைவு. அந்த நாச்சிமுத்துவுக்கு எட்டுக் கிலோப் பிள்ளையை வைத்துப் பரீட்சை. சரி, எழுதிப் பார்த்துவிடுகிறேன்.

காலையில் காபி டம்ளர் கவிழ்ந்தது. இந்த வீட்டில் டம்ளரை எப்போதும் என் வலது முழங்கைக்குப் பக்கத்தில் கொண்டுவந்து வைக்கிறார்கள். மூன்று மாதமாகப் பார்க்கிறேன். வேண்டுமென்றே வைக்கிறார்களோ என்னவோ.

மே 8, வெள்ளி

கார் சாவியை மாப்பிள்ளை இன்னும் ஒளித்துத்தான் வைத்திருக்கிறார்.

ஜனவரியில் வாசல் கேட் தூணில் கார் உரசியது. வலது பக்கக் கண்ணாடி உடைந்தது. தூண் கோணலாகக் கட்டியிருக்கிறது என்று அன்றே சொன்னேன். கொத்தனாரைக் கூப்பிடுவதற்குப் பதிலாகச் சாவியை எடுத்து வைத்துக்கொண்டார். இன்றைக்குப் பேச்சோடு பேச்சாகக் கேட்கிறார்:

"மாமா, ஒருக்காக் கண்ணு டாக்டர்கிட்டப் போயிட்டு வந்துரலாமுங்களா?"

"ஏன், உங்குளுக்குக் கண்ணு தெரியலீங்களா?"

அதோடு விட்டார்.

இரண்டு வருஷத்துக்கு முன்பு லைசென்சைப் புதுப்பிக்கும்போது பலகையின் மேல் வரியிலிருந்து கீழ் வரி வரைக்கும் ஒரு எழுத்து தப்பாமல் சொன்னேன். அந்த டாக்டரிடம் இருபது வருஷமாக ஒரே பலகை என்பது உண்மை. டிப்போவில் எல்லாருக்கும் அது மனப்பாடம் என்பதும் உண்மை. அதனால் என்ன? மனப்பாடம் பண்ணவும் மூளை வேண்டும். நான் மூன்றாம் வகுப்போடு நின்றவன். கிளீனராக இருந்தபோது ஊர்ப்பெயர்ப் பலகைகளைப் பார்த்துத் தமிழும் இங்கிலீஷும் நானே கற்றுக்கொண்டேன். ஒரு வாத்தியார் கையால் ஒரு அடி வாங்கியதில்லை. எனக்கு எழுத்துப் பரீட்சை வைக்க இந்த ஊரில் ஆள் கிடையாது.

இந்த நோட்டில் எழுத்து கோட்டை விட்டு வலது பக்கம் கீழே இறங்குகிறது. பேனா சரியில்லை.

மே 12, செவ்வாய்

கூடாரம் வந்துவிட்டது. மாப்பிள்ளை நடுக்கூடத்தில் விரித்துக் காட்டினார். அம்மிணி அதன் ஓரத்தை வாயில் வைத்துப் பார்த்துவிட்டுத் துப்பினாள். அவளுக்கு இருக்கிற புத்தி.

மே 15, வெள்ளி

நாளைக் காலை ஐந்தரைக்குக் கிளம்ப வேண்டும். இரண்டு நாளுக்கு எடுத்து வைத்திருக்கிற சாமானைப் பார்த்தால் ஊரைக் காலி பண்ணிக்கொண்டு போவது போல இருக்கிறது. சின்ன கேஸ் அடுப்பு, வெந்நீர் பிளாஸ்க், கொசு விரட்டும் களிம்பு மூன்று வகை. முக்கியமானது எதையும் எடுக்கவில்லை. வசம்பு நான் எடுத்து வைத்தேன். காற்று கருப்பு அண்டாமல் இருக்கப் பிள்ளையின் படுக்கையில் இரும்பு வைக்க வேண்டும். என் பழைய ஸ்பேனரைத் துணியில் சுற்றி அவளுடைய பாய்க்குள் வைத்துவிட்டேன். யாரிடமும் சொல்லவில்லை. கேட்டால்தானே சொல்வதற்கு.

மே 16, சனி

தோட்டத்தில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து எழுதுகிறேன். இன்னும் வெளிச்சம் இருக்கிறது.

காரவள்ளி அடிவாரத்தில் வளைவுகள் ஆரம்பித்தபோதே வாய் திறக்கக் கூடாது என்று முடிவு பண்ணியிருந்தேன். மூன்றாவது வளைவில் திறந்தேன்.

"ஹாரன் அடிங்க மாப்ளே."

"கொழந்த தூங்குதுங்க மாமா."

"கொழந்த தூங்குனாத் தப்பில்ல. எதுத்தாப்ல வர்றவன் முழிச்சிருக்கோணுமில்ல?"

"அப்பா, அவரு ஓட்டட்டும், உடுங்க," என்றாள் சுகந்தி முன்சீட்டிலிருந்து.

விட்டேன். எழுபது வளைவும் என் காலுக்குத் தெரியும். ஒவ்வொரு வளைவிலும் இல்லாத கிளட்சை என் கால் மிதித்துக்கொண்டே வந்தது. பக்கத்தில் அம்மிணி என் இடது கைக் கட்டை விரலைப் பிடித்துக்கொண்டு தூங்கினாள். செம்மேட்டில் வண்டியை நிறுத்தி மலைவாழைப்பழம் ஒரு சீப்பு வாங்கினேன்.

தங்குகிற இடம் செம்மேடு தாண்டி ஒரு காப்பித் தோட்டம். தோட்டக்காரர் குழாயைக் காட்டிவிட்டு, "மழை வந்தா மேல ஒரு ஷெட் இருக்குது, வந்துருங்க," என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். ஷெட் இருக்கும்போது கூடாரம் எதற்கு என்று கேட்டேன். சரிவில் நின்ற காரின் பின் சக்கரத்துக்கு நான்தான் கல் தேடி வைத்தேன். ஹேண்ட்பிரேக் போதும் என்றார் மாப்பிள்ளை. மலையில் ஹேண்ட்பிரேக்கை நம்பினவன் கீழே வருவான், ஆனால் ரோட்டு வழியாக வர மாட்டான் என்று சொன்னேன்.

கூடாரத்தை நிற்க வைக்க ஒன்றரை மணி நேரம். ஒருமுறை மாப்பிள்ளையின் மேலேயே விழுந்தது. அம்மிணி கைதட்டினாள். நான் கைதட்டவில்லை, ஆனால் அவளைத் தடுக்கவும் இல்லை.

படுக்கையை விரித்தபோது ஒரு சத்தம்.

"மாமா! புள்ள பாயில ஸ்பேனர் கெடக்குது!"

"கெடக்கட்டுங்க. இரும்பு."

"வாயில வெக்கறாளுங்க!"

"பதினேழு பத்தொம்பது சைஸ் ஸ்பேனர் மாப்ளே. முழுங்க முடியாது."

சுகந்தி சிரித்துச் சிரித்துக் கீழே உட்கார்ந்துவிட்டாள். பிள்ளை பிறந்த பிறகு அவள் இப்படிச் சிரித்து நான் பார்க்கவில்லை. அது ஒன்று. மற்றதெல்லாம் வீண் வேலை.

இப்போது எரிச்சலான விஷயம். கூடாரத்தைச் சுற்றி ஆறு கயிறு இழுத்துக் கட்டி முளை அடித்திருக்கிறார்கள். கணுக்கால் உயரத்தில், புல் நிறத்தில் கயிறு. மனிதன் நடக்கிற இடத்தில் யார் இப்படிக் கட்டுவார்கள்? எனக்கு இரண்டு முறை தடுக்கியது. முதல் முறை செருப்பு சரியில்லை. இரண்டாவது முறை மண்டி போட்டு விழுந்தேன். மாப்பிள்ளை ஓடிவந்து தூக்க வந்தார். கையைத் தட்டிவிட்டேன்.

அவர் போய் ஒரு சிவப்புத் துண்டைக் கிழித்து ஆறு கயிற்றிலும் ஆறு துண்டு கட்டினார்.

"நடக்கறப்போ தெரியுமுங்க மாமா."

யாருக்குத் தெரிய வேண்டும்? சுகந்திக்குத் தடுக்கவில்லை. மாப்பிள்ளைக்குத் தடுக்கவில்லை. தவழ்கிற பிள்ளைகூட கயிற்றுக்கு அடியில் புகுந்து போய்விட்டு வந்தது. அப்படியானால் அந்தத் துணி யாருக்காக? வருகிறவன் போகிறவன் எல்லாம் பார்த்து, அந்தக் கிழவனுக்குக் கண் தெரியாது என்று பேசுவதற்கா?

அவர்கள் தண்ணீர் பிடிக்கப் போனபோது ஆறு முடிச்சையும் அவிழ்த்தேன். துணியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். யாரும் கவனிக்கவில்லை.

சுகந்தி நாளைக் காலையில் ஆகாய கங்கை அருவிக்குப் போக வேண்டும் என்கிறாள். ஆயிரத்துக்கு மேல் படி. பிள்ளையோடு இறங்க முடியாது. ஒருவர் மாற்றி ஒருவர் போகலாம் என்றார் மாப்பிள்ளை. ரெண்டு பேரும் போங்கள், அம்மிணியை நான் பார்த்துக்கொள்கிறேன் என்றேன். இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள்.

"மூணு மணி நேரம் ஆகுமுங்களே மாமா."

"ஜூன் மாசத்துல எட்டு மணி நேரம் ஆகும். அப்ப என்ன பண்ணுவீங்க?"

போவதாக முடிவாகிவிட்டது.

மே 17, ஞாயிறு

நாமக்கல் வந்து சேர்ந்தாயிற்று.

இன்று நடந்ததை எழுதாமல் விட்டுவிடலாம் என்றுதான் வழியெல்லாம் நினைத்துக்கொண்டு வந்தேன். ஆனால் வண்டிக்கு ஒரு சின்னக் கீறல் விழுந்தாலும் டிப்போவில் இறங்கின உடனே டிரைவர் தன் கையால் எழுதிக் கொடுக்க வேண்டும். முப்பத்தொரு வருஷத்தில் அப்படி எழுதக் கூச்சப்பட்டவன் இல்லை. எழுதாமல் மறைத்து, பிறகு மாட்டிக்கொண்டவர்களைப் பார்த்திருக்கிறேன். டிப்போ படிவத்தின் வரிசையிலேயே எழுதுகிறேன்.

இடம்: செம்மேட்டுக்கு அப்பால், காப்பித் தோட்டம். கூடாரத்தின் வலது பக்கம்.

நேரம்: காலை எட்டே கால். மகளும் மாப்பிள்ளையும் அருவிக்குக் கிளம்பி இருபது நிமிஷம்.

ஓட்டுநர்: நாச்சிமுத்து. வயது 68.

பயணி: ஒருவர். எட்டு மாதம். ஓட்டுநரின் இடது தோளில் இருந்தார்.

விவரம்: பயணிக்குப் பசி. கேழ்வரகுக் கஞ்சி அடுப்பில் கொதித்துக்கொண்டிருந்தது. பொங்கி வழியும் சத்தம் கேட்டு ஓட்டுநர் வலது பக்கம் வேகமாகத் திரும்பினார். கயிறு வலது காலில் மாட்டியது. ஓட்டுநர் முன்னால் விழுந்தார். விழும்போதே உடம்பைத் திருப்பி வலது முழங்கையையும் முதுகையும் தரையில் கொடுத்து, பயணியை மேலே பிடித்துக்கொண்டார். முளை பிடுங்கிக்கொண்டு போய் அடுப்பில் அடித்தது. சட்டி கவிழ்ந்தது. கொதிக்கிற கஞ்சி கொட்டிய இடத்துக்கும் பயணியின் தலைக்கும் நடுவில் ஒரு முழம்.

இரண்டு நொடி பயணியிடமிருந்து சத்தம் இல்லை.

அந்த இரண்டு நொடியை எழுத அந்தப் படிவத்தில் இடம் கிடையாது. பிறகு அழுதாள். அவ்வளவு நல்ல அழுகையை என் வாழ்நாளில் கேட்டதில்லை.

காயம்: பயணிக்கு இல்லை. உச்சியிலிருந்து உள்ளங்கால் வரை மூன்று முறை தடவிப் பார்க்கப்பட்டது. ஓட்டுநருக்கு முழங்கையில் தோல் உரிந்தது.

எச்சரிக்கைத் துணி: இருந்தது. அகற்றியவர் ஓட்டுநர்.

காரணம்:

காரணத்துக்கு நேராகக் கயிறு என்று எழுதினேன். அடித்துவிட்டேன். அடுத்து அடுப்பு என்று எழுதினேன். அதையும் அடித்துவிட்டேன். இப்போதைக்கு அந்த இடம் காலியாக இருக்கட்டும்.

அதற்குப் பிறகு நடந்தது.

உட்கார்ந்தபடியே நகர்ந்து அடுப்பை அணைத்தேன். பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு பக்கத்திலிருந்த பலாமரத்தில் சாய்ந்தேன். எழவில்லை. அவள் ஈரம் பண்ணிவிட்டாள். மாற்றுத் துணி இருந்த பை கூடாரத்துக்குள், பன்னிரண்டு அடி தூரம். நடுவில் மூன்று கயிறு. என் தோள் துண்டைச் சுற்றிவிட்டேன். முந்தின நாள் வாங்கின வாழைச்சீப்பு மரத்தடியில் கைக்கு எட்டுகிற இடத்தில் இருந்தது. மசித்து ஊட்டினேன். தூங்கிப்போனாள். வெயில் நகர நகர அவள் முகத்துக்குக் கையால் நிழல் பிடித்தேன். கை மரத்துப்போனது. நான் எழுந்து நிற்க முடியாமல் உட்கார்ந்திருந்தேன் என்பதல்ல. எழுந்து நிற்க அவசியம் வரவில்லை.

இரண்டே முக்கால் மணி நேரம்.

வந்தவர்கள் முதலில் கவிழ்ந்த சட்டியைத்தான் பார்த்தார்கள்.

"என்னாச்சுங்ப்பா?"

"கொரங்கு வந்துச்சு," என்றேன்.

வாயில் அதுதான் வந்தது.

சுகந்தி சட்டியைப் பார்த்தாள், பிடுங்கின முளையைப் பார்த்தாள், என் மடியில் தூங்குகிற பிள்ளையைப் பார்த்தாள். அவள் கண் கலங்கிவிட்டது. "கொரங்கு வந்து இந்த அட்டகாசம் பண்ணியிருக்குது. புள்ளைய அசையவிடாம மடியிலயே வெச்சுட்டு உக்காந்திருக்கீங்க. பாத்தீங்களாங்க?" இது புருஷனிடம். "எந்தக் காப்பகத்துல இப்பிடி ஒரு ஆளு கெடைப்பாங்க?"

மாப்பிள்ளை முளையைக் கையில் எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். "செரி," என்றார். "நீ சொல்றதுதான் செரி. மாமாவே பாத்துக்கட்டும்."

ஜெயித்துவிட்டேன். எட்டு மாதமாக இந்த வார்த்தைக்குத்தான் காத்துக்கொண்டிருந்தேன். காப்பகம் கிடையாது. யானை கிடையாது, வாத்து கிடையாது. ஒன்றாம் தேதியிலிருந்து காலை ஒன்பது முதல் மாலை ஐந்து வரை அம்மிணி என் கையில், அந்த வீட்டில், அந்தப் படியில், அந்தச் சமையலறையில்.

ஒரு முழம்.

"நான் என்ன உங்க ஊட்டு ஆயாவா?" என்றேன்.

சுகந்திக்குப் புரியவில்லை. "என்னங்ப்பா?"

"மூணு மணி நேரம் மூத்தரத் துணியோட உக்காந்து எனக்கு இடுப்பு போச்சு. பெத்தவங்க ஊரு சுத்தறதுக்கு நான் காவல் காக்கோணுமா? எனக்கு வேற சோலி இல்லையா? கொண்டுபோய் அந்தக் காப்பகத்துலயே உடுங்க. என்ற தலையில கட்டாதீங்க."

"நீங்கதானேங்ப்பா எட்டு மாசமா…"

"சொன்னேன். இப்ப வேண்டாங்கறேன். புள்ளைய வாங்கு, கை வலிக்குது."

அவள் வாங்கிக்கொண்டாள். என்னைப் பார்த்த பார்வையை எழுத வேண்டியதில்லை. இறங்கும்போது எழுபது வளைவிலும் மாப்பிள்ளை ஹாரன் அடித்தார்.

மே 18, திங்கள்

சுகந்தி பேசவில்லை. இட்லி கல்.

மே 19, செவ்வாய்

பேசவில்லை. "சாப்பாடு மேசை மேல இருக்குது" என்று சுவரைப் பார்த்துச் சொன்னாள். சுவர் சாப்பிடவில்லை. நானும் மத்தியானம் வரை சாப்பிடவில்லை.

காப்பகத்துக்குப் போய்ப் பிள்ளையின் பெயரைக் கொடுத்துவிட்டு வந்தார்கள். என்னைக் கூப்பிடவில்லை. நானே ஒருமுறை அந்தத் தெரு வழியாக நடந்துவிட்டு வந்தேன். தரை சமமாக இருக்கிறது. படி இல்லை. வாசலில் கம்பிக் கதவு உறுதியாகத்தான் இருக்கிறது. அதற்காக நல்ல இடம் என்று சொல்லவில்லை.

மே 21, வியாழன்

இந்த வீட்டில் துணி துவைக்கிறது மாப்பிள்ளை. அதைப் பற்றி ஏற்கெனவே போதுமான அளவு சொல்லியிருக்கிறேன். இன்றைக்கு நான் அறைக்குள் போகும்போது என் மலைச் சட்டை காய்ந்து மடித்துக் கட்டில் மேல் இருந்தது. முழங்கை கிழிந்த இடத்தில் ரத்தக் கறை முழுசாகப் போகவில்லை. சட்டைக்கு மேல் சிவப்புத் துணி ஆறு, ஒன்றன் மேல் ஒன்றாக மடித்து வைத்திருந்தது.

பையில் இருந்ததை நான் மறந்தே போயிருந்தேன்.

நாள் முழுக்க அவர் எப்போது கேட்பார் என்று காத்திருந்தேன். என்ன பதில் சொல்வது என்று நாலு பதில் தயார் பண்ணி வைத்திருந்தேன். நாலும் காரமான பதில். அவர் கேட்கவில்லை. இப்படி ஒரு மனிதரோடு எப்படிச் சண்டை போடுவது?

மே 22, வெள்ளி

காலையில் காபியை மாப்பிள்ளை கொண்டுவந்தார். டம்ளரை என் இடது கைப் பக்கம் வைத்தார்.

குடித்தேன். சர்க்கரை அதிகம்.

மே 26, செவ்வாய்

ஐந்து நாளாக டம்ளர் கவிழவில்லை. தண்ணீர்ச் செம்பு, பேப்பர், மூக்குக் கண்ணாடி எல்லாம் இடது பக்கம் வந்துவிட்டது. சுகந்திக்கு ஏன் என்று தெரியாது. அவள் ஒருமுறை செம்பை வலது பக்கம் நகர்த்தினாள். மாப்பிள்ளை போகிற போக்கில் திருப்பி வைத்தார்.

மாலையில் என் அறை வாசலில் வந்து நின்றார்.

"ஜூன் ரெண்டாந் தேதி செவ்வாக்கெழம லீவு போட்டிருக்கறனுங்க மாமா. ஆஸ்பத்திரியில ஒம்பதரைக்கு வரச் சொல்லியிருக்காங்க."

"யாருக்கு?"

"எனக்குத்தானுங்க. தொணைக்கு ஆளு வேணும். சொட்டு மருந்து போட்டா வண்டி ஓட்ட முடியாதுன்னாங்க. பஸ்ல போலாமுங்க."

பொய் சொல்லத் தெரியாத மனிதர். குரங்கு என்று ஒரு வார்த்தையில் முடிப்பதை விட்டுவிட்டு இவ்வளவு நீளமாகச் சொல்கிறார்.

"சுகந்திகிட்டச் சொன்னீங்களா?"

"எதைங்க மாமா?"

வருகிறேன் என்று நான் சொல்லவில்லை. வரவில்லை என்றும் சொல்லவில்லை.

ஜூன் 1, திங்கள்

காலை எட்டே முக்காலுக்கு அம்மிணியைக் காப்பகத்துக்குக் கொண்டுபோனார்கள். நான் வாசல் வரைக்கும்கூடப் போகவில்லை. அறைக்குள் உட்கார்ந்து பேப்பர் படித்தேன். கிளம்பும்போது சுகந்தி என் கதவருகே ஒரு நிமிஷம் நின்றாள். பதினைந்து நாளில் முதல்முறையாக என்னிடமே பேசினாள்.

"ஒருக்கா அவளைத் தூக்கிக் குடுங்கப்பான்னு கேட்டா அதுவும் முடியாதுன்னுதானே சொல்வீங்க."

"நேரமாகுது. போ," என்றேன்.

போய்விட்டார்கள். மத்தியானம் மார்பு லேசாக இருந்தது. தூக்கம் வரவில்லை. பாயைச் சுருட்டி வைக்கப் போனபோது ஸ்பேனரைக் காணவில்லை. தேடிப் பார்த்தேன். பிறகுதான் தெரிந்தது, காப்பகத்துக்குக் கொடுத்தனுப்பிய பையில், மாற்றுத் துணிகளுக்கு அடியில், துணி சுற்றி யாரோ வைத்து அனுப்பியிருக்கிறார்கள். மாலையில் பையைத் திறந்தபோது பார்த்தேன். சுகந்தியைத் தவிர வேறு யார் வைத்திருக்க முடியும்? கேட்கவில்லை.

ஜூன் 2, செவ்வாய்

ஆஸ்பத்திரிக்குப் போய் வந்தோம். துணைக்குத்தான் போனேன். உள்ளே போனதும் அந்தப் பெண் என் பெயரைத்தான் கூப்பிட்டாள்.

இருட்டு அறை. எதிரே வெளிச்சத்தில் பலகை. இடது கண்ணை மூடிக்கொண்டு படியுங்கள் என்றாள். படித்தேன். மேல் வரியிலிருந்து கீழ் வரி வரைக்கும், ஒரு எழுத்து தப்பாமல், நிறுத்தாமல். முடித்துவிட்டுத் தலையை நிமிர்த்தினேன்.

"ஐயா," என்றாள் அந்தப் பெண் மெதுவாக. "நீங்க சொன்னது இங்கிலீஷ் எழுத்துங்க. இங்க இருக்கறது தமிழ்ப் பலகை."

மாப்பிள்ளை ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். சிரித்தாரா என்று தெரியவில்லை. அவர் என் வலது பக்கம் நின்றிருந்தார்.

டாக்டர் சின்ன வயசு. சுற்றி வளைக்காமல் பேசினார். கண்ணுக்குள் அழுத்தம். வலது கண் போனது போனதுதான், திரும்பாது. இடது கண்ணைக் காப்பாற்றலாம், வேளை தவறாமல் சொட்டு மருந்து போட்டால். எத்தனை நாளாக என்று கேட்டார். நாள் கணக்குச் சொன்னால் மாப்பிள்ளைக்குக் கேட்கும். மாப்பிள்ளை, "நான் வெளிய இருக்கறனுங்க மாமா," என்று எழுந்து போனார்.

ஒன்றரை வருஷம் என்றேன்.

"முன்னாடியே வந்திருக்கலாமேங்கய்யா."

"வந்திருந்தா புள்ளையத் தூக்க உடமாட்டாங்க," என்றேன். அது எப்படி வாயில் வந்தது என்று தெரியவில்லை.

பஸ்ஸில் திரும்பும்போது மாப்பிள்ளை என் வலது பக்கம் உட்கார்ந்தார். டிரைவர் சின்னப் பையன். கியரைக் கரகரவென்று கடிக்கவிட்டே ஓட்டினான். அதைப் பற்றி இரண்டு பேரும் ரொம்ப நேரம் பேசினோம்.

இறங்கும்போது, "சுகந்திகிட்ட நான் ஒண்ணுஞ் சொல்லலீங்க," என்றார்.

"சொல்ல வேண்டாம். அது என்ற ரிப்போர்ட்டு."

வீட்டுக்கு வந்து இந்த நோட்டைத் திருப்பி மே 17-க்குப் போனேன். காலியாக விட்டிருந்த இடத்தில் எழுதிவிட்டேன்.

காரணம்: ஓட்டுநருக்கு வலது கண் இல்லை. அது ஓட்டுநருக்குத் தெரியும்.

கயிறு கட்டியிருந்த விதமும் தப்புதான். அதையும் கீழே சின்ன எழுத்தில் சேர்த்திருக்கிறேன். குரங்கு வரவில்லை என்பதையும், ஆயா என்று சொன்னது பொய் என்பதையும் சேர்த்தேன். அடியில் கையெழுத்துப் போட்டேன்.

இப்படிப்பட்ட அறிக்கையை இருபத்துநாலு மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும். பதினாறு நாள் ஆகிவிட்டது. மணி ஐந்தே கால் ஆகிறது. அம்மிணியை வாங்கிக்கொண்டு சுகந்தி தெருமுனையில் வருகிற சத்தம் கேட்கிறது. அவள் வந்ததும் முதலில் உட்காருவது இந்த மேசையில்தான். அந்தப் பக்கத்தைத் திறந்து வைத்துவிட்டு, மேலே ஒரு சிவப்புத் துணியை வைக்கிறேன், தடுக்காமல் இருக்க.